ஒப்பாரித் துரை

ரொறன்ரோ மாநகரில் ஒரு தமிழ் விழாவை, அழைப்பிதழில் அச்சடித்த நேரத்துக்கே தொடங்கி வைத்த ஒரே மனிதர் ஒரு வெள்ளைக்காரர். அப்படியொரு அனர்த்தம் அதற்கு முன்னர் நடந்ததில்லை. பின்னரும் நடக்காமல் நம்முடைய ஒன்றியங்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டன.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. இங்கிலாந்துச் சுவரொட்டிகளில் அது பெரிய எழுத்தில் இருந்ததாக அவரே சொல்வார். பார்க்டேலில் நாங்கள் குடியிருந்த பதினெட்டு மாடிக் கட்டடத்தில் அவர் ஒப்பாரித் துரை. லிஃப்டில் ஏறும் சின்னப் பிள்ளைகள்கூட ‘ஒப்பாரி அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஏதோ கௌரவப் பட்டம் என்று நினைத்து அவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிவார்.

நான் ஊரில் கச்சேரியில் வேலை பார்த்தவன். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்க அதிபரின் அலுவலகம். ஒருவரைப் பற்றிப் பேசுமுன் அவருடைய சேவை வரலாற்றைப் பார்த்துவிடுவது அங்கே பழகிய பழக்கம். ஆகவே துரையின் சேவை வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வட இங்கிலாந்தில், கூரை ஒழுகும் ஒரு சிறிய அரங்கில் திரை இழுப்பவராகச் சேர்ந்தார். இழுக்கச் சொன்ன நேரத்தில் இழுக்காமல், தமக்குச் சரி என்று பட்ட நேரத்தில் இழுத்தார். வேறு உத்தியோகமாக இருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். நாடகத் தொழிலில் அதற்குப் பதவியுயர்வு கொடுத்து நெறியாளர் ஆக்கினார்கள். பழைய அரசர் கதை ஒன்றை எடுத்து, அரசவை முழுவதையும் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையாக மாற்றினார். பத்திரிகைகள் புகழ்ந்தன. அரசர்கள் ஏன் பல்வலியோடு இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒப்பராவுக்குப் போனார். ஒப்பரா என்பது, ஆட்கள் பேச வேண்டியதை எல்லாம் பாடிக்கொண்டே நடத்தும் நாடகம். கடற்கரை நகரம் ஒன்றில் உண்மையான குதிரையை மேடையில் ஏற்றினார். கதாநாயகி வைக்கோலில் படுத்துப் பாடிச் சாகும் கட்டத்தில் குதிரை அந்த வைக்கோலைத் தின்னத் தொடங்கியது. கதாநாயகி சாவதை ஒத்திவைத்துவிட்டு எழுந்து ஓடினார். ஜெர்மனியில் ஒரு நகரத்தில், பாடகர் அனைவரையும் ஏணிகளில் நிற்க வைத்துப் பாட விட்டார். சனம் எழுந்து நின்று கூ அடித்தது. “என் வாழ்க்கையின் மகத்தான இரவு அது,” என்பார் துரை. “கூ அடிப்பதற்கு ஒரு மனிதன் விழித்திருக்க வேண்டும் அல்லவா?”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சிறிய ஒப்பராக் கம்பனி அவரை ரொறன்ரோவுக்கு அழைத்தது. இங்கே வாத்தியக்காரர்களுடன் கம்பனி செய்திருந்த ஒப்பந்தப்படி, பதினொரு மணிக்கு மேல் வாசித்தால் இரட்டைச் சம்பளம். துரையின் ஒப்பரா பதினொன்றரைக்குத்தான் முடியும். நிர்வாகம் யோசித்துவிட்டுக் கடைசிக் காட்சியை வெட்டியது. முதல் நாள் இரவு, கதாநாயகி செத்தாரா இல்லையா என்று தெரியாமல் சனம் தங்கள் கோட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கும்போது, துரை திரைக்கு முன்னால் வந்து நின்று வெட்டிய காட்சியைத் தாமே பாடத் தொடங்கினார். எல்லாப் பாத்திரங்களையும், பெண் குரல் உட்பட. காவலாளிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் கதாநாயகி செத்து முடியவில்லையாம்.

அத்துடன் மூன்று நாடுகளிலும் வேலை இல்லாதவர் ஆனார். பார்க்டேலில் அப்போது வாடகை குறைவு. கலைஞர்களும் அகதிகளும் ஒரே கட்டடத்தில் வந்து சேர்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

எனக்கும் அவருக்கும் அறிமுகம் உண்டானது உடுப்புத் தோய்க்கும் நிலவறையில். மெஷின்கள் சுழலும் சத்தத்துக்கு ஏற்ப அவர் ஒரு காலுறையை வீசித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன வேலை என்று கேட்டேன். சொன்னார். எனக்கு உடனே எங்கள் ஊர் ஒன்றியத்தின் நினைவு வந்தது. அங்கே நான் செயலாளர்.

ஒன்றியத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலைவிழா நடத்துவோம். ஒன்பது மணி வரைக்கும்தான் அனுமதி. ஒன்பதுக்குப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர், ஆறடி உயரப் போர்த்துக்கீசர், மேடை ஓரத்துச் சுவிட்சை நிற்பாட்டுவார். அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவன் நான். மேன்முறையீட்டுக்கு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு என்று அச்சடித்த விழா ஏழரைக்குத் தொடங்கும். மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைவர் உரை, பொன்னாடை, அதிர்ஷ்டக் குலுக்கல், வழியை மறித்து நிறுத்திய கார்களின் இலக்கங்கள், இவ்வளவும் முடிந்த பிறகு நாடகம். நாலு ஆண்டு நாடகம் போட்டோம். நாலு ஆண்டும் கடைசிக் காட்சிக்கு முன்னர் வெளிச்சம் போய்விட்டது. முடியாத நாடகத்தை விட்டுவிட்டு வேறு நாடகம் எழுதுவது முறையல்ல என்று கமிற்றி தீர்மானித்ததால், நாலு ஆண்டும் அதே நாடகம்.

கடைசிக் காட்சி பவளமக்காவினுடையது. பவளமக்கா பகலில் கோழி வெட்டும் ஃபக்டரியில் நிற்பார். நாடகத்தில் அவர் தாய். காணாமற்போன மகனைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலையும் தாய், கடைசிக் காட்சியில் ஒரு பெரிய அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். நடிப்பதற்கு அவர் கற்பனை செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை. அவருடைய மூத்தவன் ஊரில் ஒரு பின்னேரம் பாண் வாங்கப் போனவன், திரும்பி வரவில்லை. அங்கே ஒரு கந்தோரும் அவரை உள்ளே விடவில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மேடையிலாவது உள்ளே போய்க் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நாலு ஆண்டும் நாங்கள் அவரை வாசலில் வைத்து லைற்றை நிற்பாட்டினோம்.

கமிற்றிக் கூட்டத்தில் துரையின் பெயரை முன்மொழிந்தேன்.

“லண்டன் பக்கத்து ஆள். ஒப்பரா நெறியாளர்,” என்றேன்.

“என்னது, ஒப்பாரியோ?” என்றார் தலைவர் சிவபாதம்.

“ஒப்பாரி இல்லை, ஒப்பரா. பாட்டிலேயே நடக்கிற நாடகம்.”

“அதிலை என்ன நடக்கும்?”

“கனக்க நடக்கும். கடைசியிலை பெரும்பாலும் ஒரு பொம்பிளை சாவா. சாகிறதுக்கு முன்னம் நெடுநேரம் பாடுவா.”

“அப்ப ஒப்பாரிதானே, அண்ணை! எங்கடை ஆக்கள் செத்தாப் பிறகு மற்றவை பாடுறவை. உவையள் சாகிற ஆளையே பாட விடுகினம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

இதற்கு என்னால் ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப முடியவில்லை.

“சனம் ரிக்கற் எடுத்தோ பாக்குது?” என்று பொருளாளர் கேட்டார்.

“ஓம். கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து பாக்கும்.”

“அடக் கடவுளே! ஒப்பாரிக்கு ரிக்கற்! நாங்கள் ஊரிலை அதைச் சும்மா வைச்சிருந்தனாங்கள்.”

துரை சம்பளம் கேட்கவில்லை, அத்துடன் வெள்ளையாக இருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று மாலைக்குள் கட்டடம் முழுவதும் ஒப்பாரித் துரை என்ற பெயர் பரவியது.

தமிழ் நாடகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவர் ஏதாவது கேட்டார். போன ஆண்டு விழாவின் வீடியோ கசற்றைக் கொடுத்தேன். ஒரு கிழமை அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முதல் ஒத்திகைக்கு நிலவறை மண்டபத்துக்கு வரும்போது கையில் சுருட்டிய வரைபடங்கள், கண்ணில் ஒரு பளபளப்பு.

“இவ்வளவு துணிச்சலான நாடகத்தை நான் ஐரோப்பாவில் பார்த்ததில்லை,” என்றார். “ஒரு மனிதன் பேசுகிறான். முன்வரிசை நித்திரை கொள்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. மனிதத் தனிமையை இதைவிட எப்படிக் காட்டுவது? யார் அந்த நடிகர்?”

சிவபாதத்தார் என் காதோடு கேட்டார்: “என்னவாம்?”

“உங்களைக் கதாநாயகன் எண்டு நினைச்சிட்டார்.”

“அதிலை என்ன பிழை?”

துரை வரைபடத்தை விரித்தார். “இரண்டாம் பாகம்தான் பயங்கரம். ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கிறார்கள். சிரித்துக்கொண்டே சால்வையால் மூடுகிறார்கள். மூடப்பட்டவர்கள் மூலையில் போய் அசையாமல் உட்காருகிறார்கள். இது கொலையா, தண்டனையா?”

“மரியாதை,” என்றேன்.

அவர் அதை வரைபடத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு விளக்கினேன். அவர் பார்த்தது நாடகம் அல்ல, அதற்கு முந்திய சம்பிரதாயங்கள். நாடகம் கசற்றில் இல்லை.

“ஏன் இல்லை?”

வீடியோக்காரரும் அங்கே இருந்தார். அவரைப் பார்த்தேன். “நாடகம் தொடங்கினாப் பிறகுதான் அண்ணை எனக்குச் சாப்பாடு தந்தவை,” என்றார். “பெரிய ஆக்களை எல்லாம் எடுத்தாச்சு. பிறகென்ன?”

துரை கதிரையில் அமர்ந்தார். ஒரு கிழமை உழைப்பை, ஒரு வரவேற்புரையை ஆராய்வதில் செலவழித்த எவருக்கும் அந்த முகம்தான் இருக்கும். பிறகு, அப்படியானால் உண்மையான நாடகம் எப்படி முடியும் என்று கேட்டார். அது இதுவரை முடிந்ததில்லை என்று நடந்ததைச் சொன்னேன். கடைசிக் காட்சியைப் பற்றியும், பவளமக்காவின் மூத்தவனைப் பற்றியும் சொன்னேன்.

“வெட்டினார்களா?” என்றார். எழுந்துவிட்டார். காது சிவந்திருந்தது. “கடைசிக் காட்சியை?”

நேரே பவளமக்காவிடம் போய், இரண்டு கைகளையும் பிடித்து, ஏதோ சத்தியப் பிரமாணம் போல ஆங்கிலத்தில் சொன்னார்.

“என்ன சொல்லுறார், தம்பி?” என்று பவளமக்கா என்னைக் கேட்டார்.

“உங்கடை கடைசிக் காட்சி இந்த முறை நடக்குமாம். அது தன்ரை பொறுப்பாம்.”

“உவர் சொல்லி என்ன? சிவபாதத்தார் வாயை மூட வேணுமே.”

துரைக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அவர் நாடகத்தை நெறிப்படுத்துவதற்கு முன்னர் சிவபாதத்தாரை நெறிப்படுத்தத் தொடங்கினார்.

அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் ‘இன்னொருக்கா’. சிவபாதத்தார் இருபது நிமிட வரவேற்புரையோடு வந்தார். “இன்னொருக்கா,” என்றார் துரை. ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தை வாங்கித் தம்முடைய கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாம் கிழமை முடிவில் சிவபாதத்தாரிடம் எஞ்சியது ஒரே வரி: ‘அனைவருக்கும் என் சிரந்தாழ்த்திய வணக்கம்.’

“ஒரு பெரிய நடிகனுக்கு இது போதும்,” என்றார் துரை. “மீதியை முதுகால் சொல்லுங்கள்.”

பெரிய நடிகன் என்ற சொல்லை நான் மொழிபெயர்த்ததுதான் தாமதம். சிவபாதத்தார் லிஃப்டிலும் ஸ்ரீட்காரிலும் தலை தாழ்த்திப் பழகினார். அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, இவர் காலமை தொடக்கம் கண்ணாடிக்கு முன்னாலை குனிஞ்சுகொண்டு நிக்கிறார். நாரிப்பிடிப்போ எண்டு கேட்டால், என்னைப் பாத்து ‘இன்னொருக்கா’ எண்டுறார். உந்த வெள்ளையன் இவருக்கு ஏதும் செய்துபோட்டானோ?”

விளக்கேற்ற வரும் பிரமுகர்களையும் துரை விடவில்லை. நெருப்புக்குச்சி அணையாமல் திரிக்குத் திரி கைமாறுவதற்கு ஒத்திகை. மௌன அஞ்சலியில் இருமுவதற்குத் தடை. எங்கள் ஆட்கள் முறைப்பட்டார்கள், ஆனால் ஒருவரும் ஒத்திகைக்கு வராமல் விடவில்லை. ஒரு வெள்ளைக்காரர் தம்மை உற்றுப் பார்ப்பது கனடா வந்த பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. மற்ற வெள்ளைக்காரர்கள் குடிவரவுக் கந்தோரில் கோப்புகளைத்தான் பார்த்தார்கள்.

இதற்கிடையில் ஸ்காபரோவில் ஒரு மரணம். செத்தவரின் மருமகன் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, உங்கடை ஒப்பாரி ஆளைக் கூட்டிக்கொண்டு வாறியளோ? இஞ்சை ஒருத்தருக்கும் ஒழுங்கா அழத் தெரியேல்லை. சித்தி ஒரு ஆள் தொடங்கினவ, அவவுக்கும் இரண்டாம் வரி மறந்துபோச்சு.”

“அவர் உந்த ஒப்பாரி இல்லை, தம்பி.”

“எந்த ஒப்பாரி எண்டாலும் பரவாயில்லை. லண்டன் ஒப்பாரி எண்டால் இன்னும் நல்லது.”

துரையிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பிரேதம் வைத்திருந்த மரணச்சாலையில் கதவோரமாக நின்றார். அங்கே வந்திருந்த பவளமக்கா, செத்தவரின் தலைமாட்டில் அமர்ந்து ஒப்பாரி தொடங்கினார். அவருக்குச் செத்தவரோடு பெரிய உறவு இல்லை. அவர் யாரை நினைத்து அழுதார் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் கார் தரிப்பிடம் பற்றிக் கதைக்க வாயெடுத்தார். துரை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மனிதர் மரணச்சாலையை விட்டே வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது காரில் துரை சொன்னார்: “முப்பது வருடமாக என் பாடகிகளிடம் நான் கேட்டது இதைத்தான். அவர்கள் எனக்குக் குரலைத் தந்தார்கள்.”

அதற்குப் பிறகு அவர் எல்லோரிடமும் இன்னொருக்கா கேட்டார், பவளமக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. கடைசிக் காட்சியை ஒத்திகையே பார்க்கவில்லை. பவளமக்கா கவலைப்பட்டார்.

“எனக்கு மட்டும் ஏன் ஒண்டும் சொல்லித் தரேல்லை? நான் சரியில்லையோ?”

நான் போய்க் கேட்டேன். “அந்தக் காட்சி ஒருதரம்தான் நடக்கும்,” என்றார் துரை. “அதை நிலவறையில் செலவழிக்க நான் ஆயத்தமில்லை.”

விழா நாள் வந்தது. குளிர்காலத்துக்காக எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குத் திரை திறந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் பராமரிப்பாளர், வீடியோக்காரர், பற்றிஸ் பலகாரம் விற்க வந்தவர்கள், கடிகாரத்தைத் திருப்ப மறந்ததால் ஏழு மணியாகிவிட்டது என்று நம்பி ஓடோடி வந்த இரண்டு குடும்பங்கள். அவ்வளவு பேருக்கும் முன்னால் விளக்கு ஏறியது. ஒருவரும் இருமாமல் மௌனம் நடந்தது. சிவபாதத்தார் மேடையின் நடுவுக்கு வந்து, அந்த ஒரு வரியைச் சொல்லித் தலை தாழ்த்தினார். உண்மையைச் சொன்னால், இருபது நிமிட உரைகளில் அவர் ஒருநாளும் அவ்வளவு சொன்னதில்லை.

ஆறரைக்கு நாடகம் தொடங்கிவிட்டது. ஏழரைக்கு வந்த சனம் வாசலிலேயே கொந்தளித்தது.

“விளக்கு ஏத்தியாச்சோ? எங்களைக் கேக்காமலோ?”

“என்ன செயலாளர், இது என்ன ஒழுங்கு?”

“அழைப்பிதழிலை போட்ட ஒழுங்கு,” என்றேன்.

“அழைப்பிதழை ஆர் பாக்கிறது!”

வழியை மறித்து ஒரு நீலக் கார் நிற்கிறது, ஒலிவாங்கியில் அறிவிக்க வேண்டும் என்று ஒருவர் மேடைக்கு ஏறப் பார்த்தார். துரை ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. அடுத்த காட்சியில் வந்த தபாற்காரர், தாயிடம் கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டு, சபையைப் பார்த்து அந்தக் காரின் இலக்கத்தையும் துயரம் தோய்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். கார்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எட்டரை மணி. கடைசிக் காட்சிக்கு மேடையைச் சரிசெய்யத் திரை மூடியது. பவளமக்கா கையில் பையோடும் மகனின் படத்தோடும் திரையோரத்தில் ஆயத்தமாக நின்றார். அரைமணித்தியாலம் இருந்தது. காட்சிக்குக் கால்மணித்தியாலம் போதும். துரை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவரைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

அப்போது பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார்.

அவர் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் வீடு விற்கும் பெரிய முகவர். பஸ் தரிப்பிட வாங்குகளில் அவருடைய படம் இருக்கும், நாங்கள் தினமும் அதன்மேல்தான் அமர்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அன்று மாலை அவருக்கு வேறு இரண்டு விழாக்களும் இருந்ததால் இவ்வளவு நேரத்துக்குத்தான் வர முடிந்தது. அவரைக் கண்டதும் சிவபாதத்தாருக்கு ஆறு கிழமைப் பயிற்சியும் மறந்துபோயிற்று. திரையைத் தாமே விலக்கினார். பொன்னாடை வந்தது. ஒலிவாங்கியும் எங்கிருந்தோ வந்துவிட்டது. கடைசிக் காட்சிக்காகப் போட்டிருந்த அதிகாரியின் மேசைக்குப் பின்னால் விருந்தினரை நிறுத்தினார்கள்.

“சுருக்கமாக இரண்டு வார்த்தை,” என்று தொடங்கினார் விருந்தினர்.

எட்டே முக்காலுக்கு மார்க்கத்தில் நிலம் பற்றிப் பேசினார். எட்டு ஐம்பதுக்கு, மார்க்கம் கைக்கு எட்டாதவர்களுக்கு ஸ்ரௌவ்வில் என்ற ஊர் இருக்கிறது என்றார். பராமரிப்பாளர் மண்டபக் கதவுகளின் திறப்புக் கோர்வையோடு வந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

“அந்த மனிதர் என்ன சொல்கிறார்?” என்று துரை கேட்டார்.

“விடைபெறுவதற்கு முன்னர் இன்னும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறாராம்.”

“எவ்வளவு நேரம்?”

“அதற்கு எங்கள் ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் எல்லை கிடையாது.”

பவளமக்கா படத்தைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். கோபமில்லை, அழுகையுமில்லை. வாசலில் நின்று பழகிப்போனவர்களின் முகம். “சரி தம்பி, அடுத்த வருசம் பாப்பம்,” என்றார்.

துரை அவரைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். மேசை. மேசைக்குப் பின்னால் கழுத்துப் பட்டியோடு, தோளில் சால்வையோடு, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய மனிதர். துரை பார்த்த விதம் மாறியது. என்னுடைய கையை இறுக்கிப் பிடித்தார்.

“அவர்தான் அதிகாரி,” என்றார். “போகச் சொல்லுங்கள்.”

“என்னவாம்?” என்றார் பவளமக்கா.

“அக்கா, அவர்தானாம் அதிகாரி. போய்க் கேக்கட்டாம்.”

பவளமக்கா படத்தைத் திரும்ப வெளியே எடுத்தார். போனார்.

விருந்தினர் மார்க்கத்துப் பள்ளிக்கூடங்களின் சிறப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நிற்பதைக் கண்டு, வாடிக்கையாளரைக் கண்டதுபோலச் சிரித்தார்.

“அம்மா, கேள்வியள் எல்லாம் கடைசியிலை கேக்கலாம்.”

“கடைசியிலை எண்டு சொல்லித்தான் ஐயா எல்லாரும் என்னை அனுப்பினவை,” என்றார் பவளமக்கா.

இது நாடகப் பிரதியில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார் பிடித்து மடியில் இருத்தினார்கள். பவளமக்கா படத்தை மேசையில், விருந்தினரின் குறிப்புகளுக்கு மேல் வைத்தார்.

“என்ரை பிள்ளை எங்கை, ஐயா?”

விருந்தினர் படத்தைப் பார்த்தார். சிவபாதத்தாரைப் பார்த்தார். சிவபாதத்தார் வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல், பழகிய பழக்கத்தில் தலை தாழ்த்தி நின்றார். தெரியாது என்று சொல்லும் தொழில் அல்ல விருந்தினருடையது. அடித்தளம் ஈரமா, கூரை புதிதா, அயலவர் நல்லவரா, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. ஒலிவாங்கி வாய்க்கு நேரே இருந்ததால் அவர் மெல்லச் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது.

“எனக்குத் தெரியாதம்மா.”

திரையோரத்தில், அதிகாரி வேடத்தில் நாலு ஆண்டாகக் காத்திருந்த நடிகர் என் தோளில் தட்டினார். “அண்ணை, அது என்ரை வசனம்,” என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. பராமரிப்பாளரின் கை சுவிட்சில் இருந்தது. துரை அவருக்கு முன்னால் நின்று, வாத்தியக்காரர்களை நிறுத்திப் பிடிப்பதுபோல ஒரு விரலை உயர்த்தினார். அந்த ஆறடி மனிதர் விரலையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பவளமக்கா மேசைக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்தார். அழவில்லை, பாடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதுபோலச் சொன்னார்.

“தெரியாதெண்டு சொல்லவும் இவ்வளவு காலமா எனக்கு ஒருத்தரும் முகம் தரேல்லை, ஐயா. நீங்கள் எண்டாலும் என்ரை பிள்ளையின்ரை படத்தைப் பாத்தியள்.”

துரை விரலைத் தாழ்த்தினார். இருள்.

அதைவிட நல்ல வெளிச்ச அமைப்பை ஐரோப்பாவின் எந்த அரங்கிலும் செய்திருக்க முடியாது. சனம் இருட்டிலேயே கை தட்டியது. அனுமதி நேரம் தாண்டிவிட்டது என்பதை, விதிகள் தெரிந்த நான் ஒருவருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

வெளியே, கோட்டுகளுக்கும் பற்றிஸ் பெட்டிகளுக்கும் நடுவில், சனம் வரிசையாக வந்து விருந்தினருக்குக் கை கொடுத்தது. “அண்ணை, நீங்கள்தான் உச்சம். கண்ணாலேயே நடிச்சுப்போட்டியள்!” அவர் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு பஸ் தரிப்பிட வாங்கில் அவருடைய பெயருக்குக் கீழே, வீடு விற்பனை முகவர் என்பதோடு கலைஞர் என்றும் இருந்தது.

துரை நடைபாதையின் மூலையில் தனியே நின்று மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். பவளமக்கா அவரிடம் போனார்.

“கேட்டிட்டன்,” என்றார்.

மொழிபெயர்க்க நான் பக்கத்தில் போனேன். துரை கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரை ஒன்றியத்தின் கலை ஆலோசகர் ஆக்கினோம். அவருக்குத் தமிழ் தெரியாதே என்று ஒருவர் ஆட்சேபித்தார். தமிழ் தெரிந்த ஆலோசகர்கள் இதுவரை செய்ததைப் பட்டியலிடும்படி கேட்டேன், ஆட்சேபம் மீளப் பெறப்பட்டது. ஆனால் வசந்தம் வருமுன் இங்கிலாந்தில் அவருடைய தமக்கைக்குச் சுகமில்லாமல் போனது. பார்க்க வேறு ஆள் இல்லை. துரை புறப்பட்டார். பிறகு திரும்பி வரவில்லை. விழாவும் பழையபடி ஏழரைக்குத் தொடங்கியது, சிவபாதத்தாருடைய உரையும் பழைய நீளத்துக்கு வளர்ந்தது.

ஒன்றியத்தின் யாப்பில் தெளிவாக ஒரு விதி உண்டு. பதவியில் இருப்பவர் நாட்டை விட்டுப் போனால், அந்தப் பதவி வெற்றிடம் என்று செயலாளர் அடுத்த கூட்டத்திலேயே அறிவித்து, வேறொருவரைத் தெரிவுசெய்ய ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் சிவபாதத்தார் முறைப்படி கேட்பார்: “செயலாளர், வெற்றிடம் ஏதும் உண்டோ?”

நான் செயலாளராக இருந்த காலம் முழுவதும் எழுந்து நின்று, “ஒண்டும் இல்லை” என்றுதான் சொல்லிவந்தேன்.